மூணே கால் கிலோ

ஒன்பது நாளாக மூக்கில்லாமல் கிடக்கிறது
கட்டிலுக்கடியில் என் விமானம்.
பால்சா மரம், மஞ்சள் ஃபிலிம்.
இறக்கையின் அடிப்புறம் மட்டும் கறுப்புக் கட்டங்கள்,
தூரம் போனால் மேல் எது கீழ் எது என்று
குழம்பிவிடும் என் கண்ணுக்காக.

ரெஜினால்ட் சொல்கிறான்:
"தொண்ணூத்தொண்ணு போடு மேன். ஃபோர் ஸ்ட்ரோக்.
காசிமேட்டு லாஞ்ச் மாதிரி உறுமும்."
கொசு கடித்தால் ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுகிறவன் அவன்.
கனத்த எஞ்சின் வைத்தால் மூக்கு தாழும்.
மூக்கு தாழ்ந்தால் வாலில் ஈயம்.
ஈயத்தைத் தாங்க இன்னும் தடித்த சக்கரக் கம்பி.
கடைசியில் பறப்பது எஞ்சின் மட்டும்தான்,
விமானம் அதற்குத் தைத்த உறை.

பழைய நாற்பத்தாறு ஒன்று என்னிடம் உண்டு.
டூ ஸ்ட்ரோக். அவசரக்காரன்.
நேராக ஓடு என்றால் காது கிழிய ஓடுவான்.
செங்குத்தாக ஏற்றினால்
பனைமர உயரம் தாண்டுவதற்குள்
எட்டுப் பேரோடு மூலக்கடை மேம்பாலம் ஏறும்
ஷேர் ஆட்டோவின் குரல் வந்துவிடும்.

வேகம் யாருக்கு வேண்டும்.
நிற்க வேண்டும் எனக்கு.
மூக்கு மேலே, வால் கீழே,
இறக்கை இரண்டும் வேலையற்றுப் போக
சுழலும் விசிறியை மட்டும் பற்றிக்கொண்டு
அந்தரத்தில் தொங்க வேண்டும்.
பல்லிபோல என்று எழுதி அடித்தேன்.
பல்லிக்குச் சுவர் இருக்கிறது.

தொங்குவதற்குக் கணக்கு உண்டு:
எடையைவிட இழுவை
கால் பங்காவது கூட இருக்க வேண்டும்.
சரிக்குச் சரி இருந்தால் போதாது.
சரிக்குச் சரியில் காற்று சற்று அசைந்தாலே
தரை ஞாபகம் வந்துவிடும் அதற்கு.

குரோம்பேட்டைப் பல் டாக்டர் வைத்தீஸ்வரன்
பேட்டரிக்கு மாறிவிட்டார்.
சத்தமில்லை, பிசுபிசுப்பில்லை என்கிறார்,
நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்கிறவர்.
அவருடைய எழுபதை ஒரு துணிப்பையில் போட்டுத் தந்தார்:
"வச்சுப் பாருங்க. பிடிச்சா பணம்."

கணக்கை யாரிடம் நிறுத்துப் பார்ப்பது?
தெருமுனையில் மீன் விற்கும் தேசம்மாவிடம்
தொங்கு தராசு வாங்கி வந்தேன்.
பெரம்பூர் மொட்டைமாடி, மாலை நாலு மணி.
தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தராசு,
தராசுக் கொக்கியில் நைலான் கயிறு,
கயிற்றின் மறுமுனையில் விமானத்தின் வால்.
கடல்காற்று ஏறியிருந்தது.
ஈரத்துக்காக ஊசியைக் கால் சுற்று மூடினேன்.
இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்தது.
விசிறிக்குப் பின்னால் நின்று
பத்து விரலையும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.
கொடியில் காய்ந்த கீழ்வீட்டுச் சேலைகள் மேல்
விளக்கெண்ணெய்ப் புகை.
முள் நடுங்கி நடுங்கி ஏறியது.

அடுத்தது தராசால் ஆகாதது.
வேகத்தைக் குறைத்து, கயிற்றை அவிழ்த்து,
உடம்போடு அணைத்துத் தூக்கி
மூக்கை வானத்துக்குக் காட்டி முழுவேகம் கொடுத்தேன்.
தொட்டிக்குள்ளே எண்ணெயைத் தேடி
எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாயும்
குண்டு கட்டிய சின்னக் குழாய்.
குரல் மாறவில்லை.
தலைகீழாகத் திருப்பினேன்.
மாறவில்லை.
எனக்குத்தான் மூச்சு அடைத்தது.

கீழ்வீட்டு கமலவேணி படியேறி வந்து
சேலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
மூன்றையும் துவைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ராத்திரியே டாக்டருக்குப் பணம் அனுப்பினேன்.
ஞாயிறு சோழவரம் பக்கத்துத் தரிசு.
தொங்குமா, தொபுக்கென்று விழுமா,
அது விரலுக்கும் காற்றுக்கும் உள்ள பேச்சு.
எஞ்சின் இனிமேல் சாக்கு ஆகாது.

மறுநாள் காலை தராசைத் திருப்பிக் கொடுத்தேன்.
தேசம்மா கொக்கியை முகர்ந்து முகம் சுளித்தாள்:
"இன்னாத்த மாட்ன இதுல?
மீனு வாங்க வர்றவ வயித்துக்கு மருந்தான்னு கேப்பா."
பிறகு, தராசைப் பையில் போட்டுக்கொண்டே,
"எவ்ளோ நின்னுச்சு?"
"மூணே கால்."
"மூணே காலா!
வஞ்சிரமா?"